முப்பது அங்குலக் காலடி

நைலான் சாக்ஸ் வாங்காதே, கண்ணு. உன் அப்பன் கடைக்குப் போனால் பளபளப்பாக இருப்பதைத்தான் எடுப்பான், அவனை விடாதே. கம்பளி கலந்த தடித்த சாக்ஸாகப் பார்த்து எடு. ஜூலையில் புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் வானம் மூடிக்கொண்டால் நாள்கணக்கில் திறக்காது. காலையில் நனைந்த பூட் மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். இரவு படுக்கும் முன் பழைய செய்தித்தாளைச் சுருட்டி பூட்டுக்குள் திணித்து வை, ஈரத்தைப் பாதியாவது இழுத்துவிடும். விரலிடுக்கைத் துடைத்துப் பவுடர் போடு. சேற்றுப்புண் என்பது வயலில் நடவு நடுகிறவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒரு புண் உன் நடையைக் கோணலாக்கும், கோணல் நடை முழங்காலைக் கெடுக்கும். இதில் வீரம் ஒன்றும் இல்லை, வெறும் பராமரிப்பு வேலைதான். பட்டாளத்தில் பாதி வேலை அதுதான்.

நான் கேடட்டாக இருந்தவன் இல்லை, உனக்குத் தெரியும். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தேன். இடையில் சில வருடம், நீ சேரப் போகிற தேசியப் பாதுகாப்பு அகாடமியிலேயே டிரில் உஸ்தாதாக, அதாவது பயிற்றுநராக நின்றேன். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. இன்று நம்மிடம் திட்டு வாங்குகிற பிள்ளை சில வருடத்தில் தோளில் நட்சத்திரத்தோடு வந்து நிற்கும், நாம் சல்யூட் அடிப்போம். அது உஸ்தாதுக்கும் தெரியும், கேடட்டுக்கும் தெரியும். அதனால் அந்தத் திட்டில் பகை இருக்காது. முதல் மாதம் உனக்கு அப்படித் தோன்றாது. 'இந்த ஆளுக்கு என்மேல் என்ன கோபம்' என்றுதான் தோன்றும். அவருக்கு உன் பேர்கூட இன்னும் மனதில் பதிந்திருக்காது.

நீ தினமும் காலையில் ஓடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஓடு, நல்லதுதான். ஆனால் தார் ரோட்டில் ஓடாதே, மண் தரையில் ஓடு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டு. நீச்சல் தெரியாதென்றால் இப்போதே போய்க் கற்றுக்கொள். நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளைக் கிணற்றில் இறங்க விட்டதில்லை. அங்கே நீச்சல் தேர்வில் தேறாமல் முடியாது. இதெல்லாம் பழகிவிடும். நான் பார்த்தவரை ஓட்டத்தாலோ, தூக்கம் போனதாலோ பயிற்சியை விட்டுப் போனவர்கள் குறைவு. மறைத்ததால் போனவர்கள்தான் அதிகம். வலியை மறைத்தவர்கள், புரியாததைப் புரிந்த மாதிரி காட்டியவர்கள், மனசு உடைந்ததைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டவர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கால். டிரில்லில் ஒரு காலடி என்றால் 30 அங்குலம். தேஸ் சல், அதாவது வேக நடை என்றால் நிமிடத்துக்கு 120 காலடி. இந்த அளவு பழைய வெள்ளைக்காரப் பட்டாளத்திலிருந்து வந்தது. அப்போது வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒரு பெண் ஆறடிக்காரன் பக்கத்தில் அதே 30 அங்குலத்தை எட்டி வைத்தால், ஒவ்வொரு காலடியிலும் இடுப்பெலும்பு இழுபடும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில், கையில் ரைபிளோடு, குதிகாலைத் தரையில் அடித்துக்கொண்டு என்றால் எலும்புக்கே கேடு. பிரிட்டனில் விமானப்படைப் பயிற்சியில் இப்படி ஆண்களின் காலடிக்கு ஈடு கொடுத்து இடுப்பு கெட்ட மூன்று பெண்களுக்கு, 2013-ல் பாதுகாப்பு அமைச்சகம் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. நம் அகாடமிக்குப் பெண்கள் வந்ததே இப்போதுதான். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, அந்த வருடம் நவம்பரில் பெண்கள் தேர்வு எழுதினார்கள். 2022-ல் முதல் அணி உள்ளே போயிற்று. 2025 மே 30-ம் தேதி 17 பெண்கள், முன்னூறுக்கும் மேற்பட்ட பையன்களோடு பரேடு நடந்து வெளியே வந்தார்கள். டிவியில் பார்த்தேன். எல்லாரும் முகத்தைப் பார்த்திருப்பார்கள், நான் காலைப் பார்த்தேன். உஸ்தாதின் புத்தி எங்கே போகும். வரிசை நேராக இருந்தது.

அந்த வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உடம்புக்குப் புதிதாகப் பளு வந்தால் தசை சில வாரத்தில் தேறிவிடும். எலும்பு அப்படி இல்லை. பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். கரைத்தாயிற்று, கட்டி முடியவில்லை என்கிற இடைவெளி ஒன்று இருக்கிறது. சேர்ந்து மூன்று நான்கு வாரம் ஆகும்போது எலும்பு அந்த நிலையில் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஓட்டமும் டிரில்லும் உச்சத்தில் இருக்கும். அப்போதுதான் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். பெண்பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது என்று உலகத்தில் பல படைகளிலும் கண்டிருக்கிறார்கள்.

அதனால் வலியைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். இரண்டு காலிலும் பரவலாக வலித்து, நாலு அடி நடந்ததும் குறைந்தால் அது தசை வலி. அதைத் தாங்கு, ஓடு, போகும். ஒரே காலில், ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்து, ஓட ஓடக் கூடினால் அது எலும்பு. இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் சந்தேகமே வேண்டாம். மறுநாள் காலையிலேயே சிக் ரிப்போர்ட் போட்டு, மருத்துவப் பரிசோதனை நடக்கும் எம்.ஐ. ரூமுக்குப் போ. மருத்துவ அதிகாரி 'அட்டெண்ட் சி' சீட்டு கொடுத்தால் ஓட்டம், டிரில் ஒன்றும் கிடையாது. நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், நாடகம் என்பார்கள். பெண் என்பதால் உன்னை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள். விரிசலிலேயே ஓய்வு எடுத்தால் சில வாரத்தோடு போகும். முறிந்தால் மாதக்கணக்கு. அந்தப் பருவமே கைவிட்டுப் போய், உன் கோர்ஸ் பிள்ளைகள் மேலே போக நீ மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு பயிற்சி மையத்தில், எதென்று வேண்டாம், தெற்கத்திப் பையன் ஒருத்தன் இருந்தான். நல்ல ஓட்டக்காரன். காலில் வலி என்று யாரிடமும் சொல்லவில்லை. தேர்வு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தேர்வு ஓட்டத்தின் பாதியில் எலும்பு முறிந்து கீழே விழுந்தான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, 'சாப், இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்துச்சு' என்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வலியைக் காட்டாதவன்தான் ஆம்பளை என்று ஊரும் சினிமாவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன.

இன்னொன்றையும் தெரிந்துகொள். பயிற்சியில் ஊனமாகி வெளியே அனுப்பப்படுகிற கேடட், கமிஷன் வாங்கவில்லை என்பதால் முன்னாள் படைவீரர் கணக்கில் வருவதில்லை. மாதாமாதம் ஒரு கருணைத்தொகை கிடைக்கும், அவ்வளவுதான். அப்படி வெளியே வந்து பல வருடமாக மருத்துவச் செலவுக்குத் தவித்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த பிறகு, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அதன்பின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க அரசு முன்வந்தது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உன் உடம்புக்கு முதல் காவல் நீதான், அதற்காகச் சொல்கிறேன்.

'அப்படியானால் தாங்குவது என்பதே வேண்டாமா தாத்தா' என்று நீ கேட்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். நீ பரேடு செய்யப் போகிற மைதானத்துக்கு கேத்ரபால் பரேடு மைதானம் என்று பெயர். அருண் கேத்ரபால் பிறந்ததே இந்தப் புனேயில்தான். அந்த அகாடமியிலேயே படித்தவர். 1971 டிசம்பர் 16-ம் தேதி பசந்தர் சண்டையில் அவருடைய டாங்கி அடி வாங்கித் தீப்பிடித்தது. வெளியே வந்துவிடு என்று ரேடியோவில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, வர மாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு அதே டாங்கியில் நின்று சுட்டார். அங்கேயே இறந்தார். வயது 21. பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். இந்தக் கதையை அங்கே உனக்கு நூறு தடவை சொல்வார்கள், கேட்டுக்கொள். ஆனால் ஒன்றைக் கவனி. எது வேலை செய்கிறது என்று மேலே உள்ளவருக்குத் தெரியப்படுத்திவிட்டுத்தான் அவர் நின்றார். தாங்குவது வேறு, மறைப்பது வேறு. ஒரு பிளட்டூனில் உன் கால் எந்த நிலையில் இருக்கிறது என்பது உன் சொந்த விஷயம் இல்லை. உன்னை நம்பி இன்னொருத்தி பக்கத்தில் படுத்திருப்பாள்.

அடுத்தது பாஷை. பாடமெல்லாம் இங்கிலீஷில் நடக்கும், அது உனக்கு வரும். மைதானத்தில் இந்திதான். சாவ்தான், விஷ்ராம், தஹினே முட், பீச்சே முட், தம். இதெல்லாம் ஒரு வாரத்தில் காலுக்கே பழகிவிடும். சிக்கல் அங்கே இல்லை. உஸ்தாத் கடகடவென்று நாலு வாக்கியம் சொல்லிவிட்டு 'சமஜ் கயா?' என்பார். எல்லாரும் 'ஜி சாப்' என்று கத்துவார்கள். நீயும் கத்துவாய். ஒன்றும் புரிந்திருக்காது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். பரேடில் எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது நீ இடப்பக்கம் திரும்பினால் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. சுடும் தளத்தில் புரியாமல் 'ஜி சாப்' என்று சொன்னால் உயிர் போகும், உன்னுடையதாகவும் இருக்கலாம், இன்னொருத்தருடையதாகவும் இருக்கலாம். 'நஹி சமஜா, சாப்', புரியவில்லை ஐயா, என்று சொல். ஒரு திட்டு விழும், பிறகு நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகள் இதில் உன்னைவிடத் தேறியவர்களாக இருப்பார்கள். 1962-லிருந்து அந்தப் பள்ளி இதற்காகவே பிள்ளைகளை ஆக்கிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாதே. மணிப்பூர்ப் பெண்ணுக்கும் இந்தி அந்நியம்தான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டால் சீக்கிரம் வரும்.

சாப்பாட்டை விடாதே. மெஸ் என்றால் நம் கல்யாண மண்டபத்தைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள். அகாடமி முழுவதும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிடும். நேரம் கொஞ்சம்தான். சப்பாத்தி பிடிக்கவில்லை, ரசம் இல்லை என்று எழுந்துவிடாதே. பசியோடு ஓடுகிற உடம்பு எலும்பிலிருந்துதான் திருடும். ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று இப்போதே ஒரு பரிசோதனை செய்துவிடு. மாதவிலக்கு தள்ளிப்போனால், பயிற்சியில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று சும்மா இருக்காதே, டாக்டரிடம் சொல். இதை உன் பாட்டிதான் எழுதியிருக்க வேண்டும். 'நீங்களே எழுதுங்க, பட்டாளத்துக்காரருக்கு என்ன கூச்சம்' என்று சொல்லிவிட்டாள்.

ரகடா பற்றிச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகும். தண்டனையாக உருளச் சொல்வார்கள், ஊர்ந்து போகச் சொல்வார்கள், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்வார்கள். பெரிய தப்பு என்றால் முதுகில் மூட்டையோடு சிங்ககட் கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். 1670-ல் மராட்டியத் தளபதி தானாஜி இரவோடு இரவாகப் பாறையில் ஏறிப் பிடித்த கோட்டை அது. உன்னைப் பகலில்தான் ஏறச் சொல்வார்கள், அந்த மட்டும் சௌகரியம். ஒருத்தி செய்த தப்புக்கு எல்லாருக்கும் தண்டனை கிடைக்கும். அந்த ஒருத்திமேல் கோபப்படாதே. அடுத்த வாரம் அந்த ஒருத்தி நீயாக இருப்பாய்.

இதற்கெல்லாம் ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை எங்கே என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உஸ்தாதோ அதிகாரியோ பகல் வெளிச்சத்தில், மைதானத்தில், எல்லார் முன்னாலும் கொடுப்பது பயிற்சி. ராத்திரியில் அறைக்குள் கூப்பிட்டு மூத்தவர்கள் கை வைப்பது பயிற்சி இல்லை. அதற்கு அகாடமியிலேயே தடை இருக்கிறது. டிவிஷனல் ஆபீசரிடம் நேராகப் போய்ச் சொல். காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வரும் என்பார்கள். வரட்டும், கண்ணு. ஆயுதமே பிடிக்கப் போகிறவள் ஒரு பேருக்குப் பயப்படலாமா. அப்புறம் ஒரு அறிகுறியை நினைவில் வை. அளவுக்கு மீறி உட்கார்ந்து எழுந்த பிறகு தொடை கல்லாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் தசை நார் சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் கெட்டுவிடும். அந்த நேரம் காலை சிக் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதே. ராத்திரி ஆனாலும் டியூட்டியில் இருப்பவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னோடு இருக்கிறவளுக்கு அப்படி என்றாலும் நீ எழுப்பு.

அகாடமி பார்க்க அழகான இடம். நேரு 1949 அக்டோபர் 6-ம் தேதி அடிக்கல் நட்டார், 1955 ஜனவரியில் திறந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் சூடானில் சண்டை போட்ட நம் சிப்பாய்களை நினைத்து அந்த நாடு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. அந்தப் பணத்தில் கட்டிய சூடான் பிளாக், ஜோத்பூர்ச் சிவப்புக்கல்லில் மாலை வெயிலில் தகதகவென்று இருக்கும். முதல் பருவத்தில் நீ அதைத் தலை நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. ககன்யான் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், அவரும் இந்த அகாடமியில் படித்தவர்தான். உன் அப்பன் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அவனைக் கொஞ்சம் அடக்கி வை. நீ உள்ளே திணறும்போது ஊரின் எதிர்பார்ப்பும் முதுகில் ஏறி உட்கார்ந்தால், திரும்பி வர நினைத்தாலும் வர முடியாமல் போகும்.

ஆமாம், திரும்பி வருவதைப் பற்றியும் பேசிவிடுகிறேன். முதல் மாதத்தில் ஒவ்வொரு ராத்திரியும் போய்விடலாம் என்று தோன்றும். பக்கத்துக் கட்டிலிலும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருக்கும், அவளும் சொல்ல மாட்டாள். நீ முதலில் சொல். 'எனக்கு அழுகையா வருது' என்று ஒருத்தி வாய் திறந்தால் அந்த அறையே கொஞ்சம் லேசாகும், நான் பார்த்திருக்கிறேன். முடிவை மட்டும் ராத்திரியில் எடுக்காதே, பட்டினியிலும் எடுக்காதே, தண்டனை வாங்கிய அன்றும் எடுக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகும் இது எனக்கான வாழ்க்கை இல்லை என்று தோன்றினால், எனக்கு போன் போடு. நானே வந்து கூட்டிப்போகிறேன். உன் அப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதல் பெண்கள் அணியிலும் சேர்ந்தவர்கள் எல்லாரும் முடிக்கவில்லை. நடுவில் போனவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லை, சொன்னால் அவன் ஒரு நாளாவது அந்த மைதானத்தில் நின்றவனாக இருக்க மாட்டான்.

டிரில் ஸ்கொயர் டெஸ்ட் தேறினால்தான் வெளியே விடுவார்கள். உஸ்தாதின் பேத்தி அதில் முதல் தடவையே தேற வேண்டும் என்று எனக்கு ஆசைதான். தேறாவிட்டாலும் அடுத்த தடவை இருக்கிறது. தேறியதும் நேரே தேகு ரோட்டில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்துவிடு. தமிழ்ப் பிள்ளைகள் யாரும் இருந்தால் கூட்டி வா, அந்த மணிப்பூர்ப் பெண்ணையும் கூட்டி வா. எத்தனை பேர் என்று முந்தின நாளே சொல்லிவிடு, உன் பாட்டி மாவு அரைக்க வேண்டும்.